கட்டில் விரிப்பில் இரண்டு கைகள்

போன மாதம் அலுமாரியின் மேல்தட்டை ஒதுக்கும்போது பூச்சி உருண்டை வாசத்தோடு ஒரு பை இறங்கியது. எதையும் வகை பிரிக்காமல் விடுகிற ஆள் இல்லை நான். கட்டிலில் கொட்டி, முடிக்கக்கூடியவை, பிரித்து நூலாக்கக்கூடியவை, யாரும் பார்ப்பதற்குள் எறியவேண்டியவை என்று பாதியில் நின்ற குரோசே பின்னல் வேலைகளை மூன்று குவியலாக்கினேன். ஒற்றைக் கையோடு நின்றுபோன குழந்தைச் சட்டையைப் பிரிக்கும் குவியலில் போட்டேன். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடத்தில் பந்தடிக்கிறான். எந்தப் போத்தலுக்கும் பொருந்தாத போத்தல் உறை எறியவேண்டியது. வெண்ணெய் நிறச் சதுரங்கள் மட்டும் எந்தக் குவியலிலும் சேராமல் கிடந்தன. அவை ஹசீனாவின் கட்டில் விரிப்பு.

ஹசீனாவும் நானும் வாய்க்கால்களுக்கு வரைபடம் கீறும் ஒரு சின்ன அலுவலகத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் ஏறாவூர், நான் மட்டக்களப்பு டவுன். மத்தியானத்தில் பின்னறை எங்களுடையது. ஜன்னலால் வாவிக் காற்று வரும். அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியின் பொரித்த இறால் வாசம் அடுத்த அறைக்காரரையும் எழுப்பும். கை கழுவித் துடைத்தபிறகுதான் நூலைத் தொடுவோம். அப்படியும் சில சதுரங்களில் இறால் மணத்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே வந்து சேர்வார். ஹசீனாவின் உம்மா தன் வளவிலேயே அவளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக் கட்டிலுக்கு விரிப்பு நம் வேலை என்று இருவரும் தீர்மானித்தோம். படித்த படிப்பை விடமுடியுமா? அளவுத்திட்டத்தோடு வரைபடமே கீறினோம். பாதி அவளுக்கு, பாதி எனக்கு. ஒரே நூல், ஒரே அளவு ஊசி, சதுரத்துக்கு ஒரே கண்ணிக் கணக்கு. கையை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

முதல்முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அவளுடைய சதுரம் என்னுடையதைவிடப் பெருவிரல் அகலம் பெரிதாக இருந்தது.

“நூலக் கழுத்தப் புடிச்சி நெரிக்கிறாய்கா. பாவம் அது” என்றாள்.

“ஒன்டத வாவியில வீசினா மீன் படும்.”

எட்டிப் பார்த்த எங்கள் அலுவலகப் பெரியவர், “அப்ப நீங்க ரெண்டு பேரும் கீறின வாய்க்கால்ல தண்ணி ஓடின மாதிரித்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு சரிசெய்யலாம் என்று பின்னிக்கொண்டே இருந்தோம். கட்டாரில் வேலை செய்த மாப்பிள்ளைக்கு லீவு சுருங்கியது. கல்யாணம் அவசரமாக முடிந்து ஹசீனாவும் அவரோடு புறப்பட்டாள். புதுக் கட்டிலில் கடையில் வாங்கிய விரிப்பு கிடந்தது. சதுரங்கள் என்னோடு தங்கிவிட்டன.

பையைத் திறந்த அன்று அவளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். குரல்பதிவு வந்தது. “அடியே, இது உசிரோட இரிக்கா! நாங்க வாற மாசம் ஒரேயடியா வாறம்கா. இனி என்ட ஊட்டுலதான்.”

வருவதற்குள் முடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டேன். ஒழுங்கான வழி ஒன்றுதான்: அவளுடைய சதுரங்களைப் பிரித்து, எல்லாவற்றையும் நானே பின்னுவது. கேட்டேன். “உருவிப் போடு, எனக்கென்ன” என்றாள். ஒன்றின் நுனியை இழுத்தேன். ஒரு வரிசை சுலபமாகக் கழன்றது. ஆனால் முழுவதையும் உருவினால், அது நான் கொடுக்கும் ஒரு பரிசாகிவிடும். அவள் தன் வீட்டுக்கென்று தானே செய்தது என்று அங்கே எதுவும் இருக்காது. கழன்ற வரிசையைத் திரும்பப் பின்னி மூடினேன்.

விரிப்புக்கு இன்னும் தேவைப்பட்ட சதுரங்களை மிச்ச நூலில் பின்னத் தொடங்கினேன். முதலாவதை அளந்தேன். என் பழைய சதுரத்தைவிடப் பெரிது, அவளுடையதைவிடச் சிறிது. இன்னொன்றும் அப்படியே. இத்தனை வருடத்தில் என் கை எப்போது தளர்ந்தது என்று தெரியவில்லை. அகல வாய்க்கால் ஒடுங்கும் இடத்தில் சட்டென்று சுவர் வைக்கமாட்டோம், சரித்துக்கொண்டுதான் வருவோம். அதையே செய்தேன். கால்மாட்டில் அவளுடையவை, நடுவில் புதியவை, தலைமாட்டில் என் பழையவை.

போன வெள்ளிக்கிழமை அவளுடைய கட்டிலில் விரித்தோம்.

“என்னகா, காலுக்குப் பாவாட மாதிரி விரிஞ்சி கிடக்கு?”

“ஒன்ட கைதான் அது.”

ஹசீனா குனிந்து தன் பக்கத்தைத் தடவினாள். பிறகு என் பையிலிருந்த ஊசியை வாங்கி, நூலைச் சுற்றிப் பார்த்தாள். “தொடக்கம் எப்பிடிகா?” காட்டிக் கொடுத்தேன். நாலு கண்ணி போட்டாள். ஊசி நுழையாத இறுக்கம். “ஏலா, நீயே வெச்சிக்க” என்று திருப்பித் தந்தாள்.

“மெசினுக்குள்ள போட்டிராத. கையால துவை” என்றேன்.

“ஏன், கிழிஞ்சா பின்னித் தரமாட்டியா?”

பின்னிக் கொடுக்கலாம். ஆனால் தலைமாட்டில் ஒன்று போனால் அந்த இறுக்கம் என்னிடம் இல்லை. கால்மாட்டில் போனால் அந்தத் தளர்வு அவளிடமும் இல்லை.