மூணு தபா

அப்பா கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்த வருடம், அம்மாவுக்குச் செங்கல்பட்டில் ஒரு சர்க்கார் ஆபீசில் மூன்று மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. உட்கார்ந்து எழுதுகிற வேலை என்றதால்தான் அப்பா சம்மதித்தார். எங்கள் வீட்டில் பெண்குரல் வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் இடது காதுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

எனக்கு எட்டு வயது, பள்ளிக்கூடம் திறக்கவில்லை. அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு மாமல்லபுரத்தில் பஸ் ஏறினாள். திருக்கழுக்குன்றம் மலை தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்தாள். அவள் கை வியர்வையில் நனைந்திருந்தது. இறங்குவதற்குள் என் கையும் நனைந்துவிட்டது.

ஆபீஸ் வாசலில் சாதிச் சான்றிதழுக்காக வந்த கூட்டம். நசுங்கி நசுங்கி உள்ளே போனோம். தலைமை எழுத்தர் உத்தரவுத் தாளைப் பார்த்து அம்மாவின் பெயரைப் படித்தார். அவள் திரும்பவில்லை. வீட்டில் அவள் ‘ஏய்’, ‘இந்தாமே’. தெருவுக்கு அவள் என்னுடைய அம்மா. நான்தான் முந்தானையை இழுத்தேன்.

“இன்னாம்மா, காது கேக்காதா? எழுதறதுக்கு ஆள் கீது. நீ ஜன்னலாண்ட குந்திகினு பேர் கூப்புடு. மூணு தபா. வரலன்னா மனுவ அடில வெச்சுடு, இன்னொரு நாள் வரட்டும்.”

மேசைக்கடியில் பதுங்கிக்கொண்டேன். அண்ணாந்தால் அம்மாவின் உதடு தெரிந்தது. அது அசைந்தது, அவ்வளவுதான். மின்விசிறி அவளைவிடச் சத்தமாகப் பேசியது. ஒன்று, இரண்டு, மூன்று. தாள் அடிக்குப் போனது. அடுத்தது. அதுவும் அடிக்குப் போனது.

“யக்கா, பேர் கூப்புடறியா, மந்திரிச்சு வுடறியா?” என்றது ஒரு குரல். வெளியே சிரிப்பு வெடித்தது.

மதியத்துக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. அதுதான் பயங்கரம். ஜன்னல் கம்பி குலுங்கியது. பத்து, பதினைந்து விரல்கள் உள்ளே வந்தன.

“நெம்மேலிலருந்து விடியறதுக்கு முன்ன வந்து நின்னுகினு கீறேன்! எம்பொண்ணு பேர எப்பம்மா கூப்ட்ட நீ?”

விரல்கள் அம்மாவைப் பிடித்து இழுத்துவிடும் என்று நினைத்தேன். காலையில் அவள் நெம்மேலி என்று ஊரோடு சேர்த்து முணுமுணுத்த அந்தப் பெண்ணின் பெயர் எனக்கு நினைவிருந்தது. மேசைக்கடியிலிருந்து அதைக் கத்தினேன். அம்மாவின் கை பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தியது. மை நாற்றம். அப்பா எத்தனையோ மைல் தள்ளிக் கட்டுப்போட்ட காலோடு கிடந்தார், ஆனாலும் அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

சாயங்காலம் தலைமை எழுத்தர் நிமிராமலே சொன்னார்: “நாளைக்கும் இதே மாரின்னா வராதம்மா. இந்த சீட்டுக்கு எவ்ளோ பேர் காத்துகினு கீறாங்கோ.”

பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. சவுக்கு மரங்களுக்கு நடுவே கடலைப் பார்த்து நடந்தாள். கரையில் ஒருவரும் இல்லை. வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. பையை என்னிடம் கொடுத்துவிட்டு நேராகத் தண்ணீருக்குள் இறங்கினாள். கணுக்கால், முழங்கால். பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

“வூட்டுக்குப் போலாம்மா. வாம்மா.”

அவள் கத்தினாள். முதலில் அந்த நெம்மேலிப் பெண்ணின் பெயர். மூன்று முறை. பிறகு அடிக்குப் போன மற்றப் பெயர்கள், நினைவில் நின்றவை எல்லாம், ஒவ்வொன்றும் மூன்று முறை. முதலில் அலை அவற்றைத் தின்றது. போகப்போகத் தின்ன முடியவில்லை. கடலைவிட அந்தக் குரலுக்குத்தான் அதிகம் பயந்தேன். அப்படி ஒன்று அவளுக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது.

கடைசியாகத் தன் பெயரைக் கூப்பிட்டாள். ஒரு முறை. இன்னொரு முறை. மூன்றாவதில் தொண்டை கிழிந்தது.

அன்று நான் கற்றிருந்தது ஒன்றே ஒன்றுதான்: மூன்று முறைக்கும் வராவிட்டால் அடியில் போட்டுவிடுவார்கள்.

“நீதான் இங்கியே கீறியேம்மா!” என்று வீறிட்டேன்.

இந்த முறை அவள் என் வாயைப் பொத்தவில்லை. ஈரக் கையால் என் முகத்தைத் தூக்கினாள்.

“இன்னொரு தபா சொல்லு,” என்றாள்.

எதற்கென்று தெரியாமலே சொன்னேன்.