தண்ணீர் ஊற்றக் கூடாத நெருப்பு

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதம், மல்லாவிக்குப் பக்கத்தில், என் அக்கா குடும்பம் குடியேறியிருந்த காணியில் நடந்தது இது. கொழும்பில் இரசாயன ஆய்வுகூட உதவியாளர் பயிற்சியை முடித்துவிட்டு, வேலைக்குக் கூப்பிடும்வரை அக்காவோடு இருக்கலாம் என்று போயிருந்தேன்.

அறுவடை முடிந்திருந்தது. கதிர்க் கட்டுகளைக் களத்தில் வீட்டுக் கூரையைவிட உயரமாக அடுக்கியிருந்தார்கள். அந்தக் குவியலைச் சூடு என்பார்கள். மிதித்து நெல்லைப் பிரிப்பதுதான் பாக்கி. முந்திய வருடம் மழை பிழைத்து ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே வீட்டில் எந்தப் பேச்சு எடுத்தாலும் அது அந்தக் குவியலில்தான் வந்து முடியும். பாதியில் நிற்கும் கல்வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அடுத்த விதைநெல், வருடம் முழுவதற்குமான சோறு எல்லாம் அதற்குள் இருந்தன.

அத்தானிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதன் பின்னால் பூட்டி நெல்லை ஏற்றிப் போக ஒரு சிறிய டிரெயிலர் செய்துகொண்டிருந்தார். அதன் அச்சில் பூட்ட இரண்டு சில்லுகள் வாங்கி வந்திருந்தார். உலகப் போர்க் காலத்தில் வவுனியாவில் இறங்கிய விமானங்களில் கழித்துவிட்டவை என்று விற்றவர் சொன்னாராம். பாரமில்லாத சில்லுகள். மேலே பச்சை, அதன் கீழே மஞ்சள், அதற்கும் கீழே சாம்பல் நிறம் என்று பெயின்ற் தோல் தோலாக ஏறியிருந்தது.

"முழுக்க அலுமினியம், மச்சாள். பெயின்றைக் கழட்டி மினுக்கினால், சந்தையில எல்லாரும் நெல்லைப் பாக்க மாட்டினம், சில்லைத்தான் பாப்பினம்" என்றார்.

பெயின்றைக் கழற்ற அவர் எடுத்தது கோஸ்டிக் சோடா. பாதியாக வெட்டிய பீப்பாயில் அதைக் கரைத்து இரண்டு சில்லுகளையும் போட்டார். நான் போய்ப் பார்த்தபோது ஒரு சில்லைச் சுற்றி நுரை பொங்கிக்கொண்டிருந்தது. சோடா பெயின்றோடு நிற்காது, அலுமினியத்தையும் தின்னும் என்று சொன்னேன். கம்பால் தூக்கி வெளியே எடுத்தார். பெயின்ற் போயிருந்தது. உலோகமும் கறுத்து, அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருந்தது.

"மண்ணெண்ணெயில ஊற வைச்சு, மரத் துண்டால சுரண்டுங்கோ அத்தான். மெதுவாத்தான் போகும்."

"உன்ர முறையில சுரண்டினால் அடுத்த போகமும் அறுத்து முடிஞ்சிடும்."

மற்றச் சில்லையும் எடுத்தார். அதிலும் பெயின்ற் அங்கங்கே இளகி, உள்ளே உலோகம் தெரிந்தது. ஆனால் அந்த இடங்களில் நுரையே இல்லை. ஒரு தழும்புகூட இல்லை. "இதுதான் நல்ல சில்லு" என்று அத்தான் சந்தோஷப்பட்டார். எனக்கு அது பொருந்தவில்லை. அலுமினியமாக இருந்தால் நுரைத்திருக்க வேண்டும். அரத்தால் கொஞ்சம் அராவி, தூளைக் கடதாசியில் மடித்து எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

அங்கே அக்கா பிடித்துக்கொண்டாள். "உன்ர சோதனை பிறகு, முதல் இந்த மாவை அரிச்சுத் தா." வேலையாட்களுக்குப் பலகாரம் செய்யவேண்டியிருந்தது. மாவை அரித்துக் கொடுத்து, தேங்காயும் துருவிக் கொடுத்த பிறகுதான் ஒரு தேசிக்காயை வெட்டி, எனாமல் தட்டில் கொட்டிய தூளின்மேல் அந்தப் புளிச் சாற்றைப் பிழிந்தேன். தூள் உடனே நுரைத்துப் பொரிந்தது. புளியில் இந்த வேகத்தில் பொரிவது அலுமினியம் அல்ல. மக்னீசியம், அல்லது அது மிகுதியாகக் கலந்த உலோகம். பயிற்சிக்காலத்தில் அதன் நாடாவைக் கொளுத்திப் பார்த்திருக்கிறேன். கண்ணை நேரே வைத்துப் பார்க்கக் கூடாது என்பார்கள்.

தட்டோடு வெளியே வந்தபோது பின்வளவு முழுவதும் வெள்ளை வெளிச்சமாக இருந்தது. பட்டப்பகலில் நிழல்கள் திசை மாறி விழுந்திருந்தன. அத்தான் சோடாவையும் மண்ணெண்ணெயையும் கைவிட்டு, பாலைக் கட்டையும் தேங்காய்ப் பொச்சுமட்டையும் அடுக்கி அந்தச் சில்லை நெருப்பில் போட்டிருந்தார். இரும்புச் சில்லில் பெயின்றை அப்படித்தான் எரித்துக் கழற்றுவார்களாம்.

பின்வளவை ஒட்டிய களத்தில் நின்ற ஒருவர் ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் வீசினார். வெடி மாதிரி ஒரு சத்தம். வெள்ளைப் பொறிகள் எழும்பி நாலு பக்கமும் விழுந்தன. அவற்றில் இரண்டு மூன்று, நெற்சூட்டின் அடியில் விழுந்து, அங்கே புகை கிளம்பியது. உடனே எல்லோரும் இன்னும் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்கு ஓடினார்கள்.

"தண்ணி ஊத்தாதேங்கோ! மணல் போடுங்கோ!" என்று கத்தினேன்.

ஒருவரும் திரும்பவில்லை. அத்தான் மட்டும் திரும்பினார். "உனக்கென்ன விசரே? நெருப்புக்குத் தண்ணி ஊத்தாமல்?"

எரியும் மக்னீசியம் தண்ணீர் பட்டால் இன்னும் மூர்க்கமாகும் என்று விளக்கம் சொல்ல நேரம் இல்லை. வீடு கட்டக் கொட்டிய காய்ந்த மணல் கிணற்றுக்கும் அப்பால், களத்தின் அந்தப் பக்கம் கிடந்தது. அந்த ஊர் வழக்கப்படி களத்துக்குள் பெண்கள் ஏறுவதில்லை, தீட்டு என்பார்கள். அதன் குறுக்கே ஓடி, ஒரு கடகத்தில் மணலை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பாரத்தில் கால் பின்னியது. இப்படி ஒரு ஆள் அள்ளிப்போட்டு அணையாது என்று எனக்குத் தெரிந்தது.

வளவு வாசலில், படலையடியில் கருவாட்டுக்காரர் ஒருவர் நின்றார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து அறுவடைக் காலத்தில் வந்து, கருவாட்டைக் கொடுத்து நெல் வாங்கிப் போகிறவர்களில் ஒருவர். அந்த வீட்டுக்கு அன்றுதான் முதன்முதல் வந்திருந்தார். என்னைப் பார்த்தார். சைக்கிளில் கட்டியிருந்த பெரிய பெட்டியை அவிழ்த்து, கருவாடு அத்தனையையும் நிலத்தில் கவிழ்த்துக் கொட்டினார். வெறும் பெட்டியோடு மணலுக்கு ஓடினார். திரும்பும் வழியில் வாளியோடு வந்தவரைத் தோளால் தள்ளி நிறுத்தினார்.

"நில்லுமோய்! அந்தப் பிள்ளை மணல் அள்ளுது, தெரியேல்லையே?"

வாளியோடு நின்றவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அதைச் சூட்டில ஊத்துங்கோ, அண்ணை. புகையிற இடத்தில" என்றேன். அது அவருக்கு விளங்கியது. பின்னால் வந்தவர்களும் அங்கேயே ஊற்றினார்கள். கருவாட்டுக்காரர் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு முதல் பெட்டி மணலைச் சில்லின்மேல் கொட்டினார். நான் கொட்டினேன். பிறகு அத்தான் ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு மணலுக்கு ஓடினார். வெளிச்சம் ஒரு பக்கத்தால் மூடி, மறுபக்கத்தால் எட்டிப் பார்த்து, கடைசியில் அடங்கியது. மணல்மேடு மட்டும் பின்னேரம்வரை சுட்டுக்கொண்டிருந்தது.

நெற்சூட்டில் ஒரு மூலை கருகியிருந்தது. மிச்சம் தப்பியது. அத்தானின் கால்களில் பொறி விழுந்த காயங்கள். வேறு ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

கருவாட்டுக்காரர் நிலத்தில் குந்தியிருந்து, மிதிபட்ட கருவாட்டை ஒவ்வொன்றாகத் தட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் போய்க் குந்திப் பொறுக்கினேன்.

"சாப்பிடேக்க கொஞ்சம் நறநறக்கும். மல்லாவி மணல் போட்டது எண்டு சொல்லி விக்கலாம்" என்றார்.

"நான் சொன்னதை எப்பிடி நம்பினீங்கள், அண்ணை?"

"நீங்கள் சொன்னது எங்க காதில விழுந்தது? எல்லாரும் கத்தினவை, தங்கச்சி." ஒரு கருவாட்டை ஊதிவிட்டுப் பெட்டிக்குள் போட்டார். "எல்லாரும் கிணத்தடிக்கு ஓடினவை. நீங்கள் கிணத்தைத் தாண்டி ஓடினீங்கள். கிட்ட தண்ணி இருக்க, ஒரு பொம்பிளைப் பிள்ளை எட்டப் போய் அவ்வளவு பாரம் தூக்கிறா எண்டால், சும்மா தூக்குவாவே?"

மக்னீசியம் பற்றி அவருக்குச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அத்தான் வந்து, கருவாடு முழுவதையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மிதித்து முடிந்ததும் நெல் வாங்க வரச் சொன்னார். "ஒட்டின மணலையும் சேர்த்தோ, ஐயா?" என்று கருவாட்டுக்காரர் கேட்க, நெருப்புக்குப் பிறகு முதன்முறையாக அத்தான் சிரித்தார்.

மறுநாள் காலையில் களத்துக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, தேங்காய் உடைத்தார்கள். நான் களத்தில் ஏறியதற்காகவா, நெருப்புக்காகவா என்று யாரும் சொல்லவில்லை. தழும்பு விழுந்த சில்லு இப்போது அக்கா வீட்டுக் கிணற்றடியில் குடம் வைக்கும் தட்டாகக் கிடக்கிறது.

எனக்கு வேலை கிடைத்து இரண்டு வருடமாகிறது. ஆய்வுகூடத்தில் யாராவது எனக்கு விளங்காத ஒன்றைச் சொன்னால், மறுத்துப் பேச வாய் திறப்பதற்கு முன், அவர் கையில் எதைச் சுமந்துகொண்டு நிற்கிறார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.