பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஒரு குத்துவாள்

செவ்வாய்க்கிழமை காலை வாப்பாவும் நானும் தோட்டத்துப் பம்பின் பெல்ட்டை மாற்றினோம். நான் கம்பியால் எஞ்சினை நெம்பிப் பிடித்தேன். அவர் பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்தி, போதும் என்றார். அளந்து பார்த்தேன். கையேட்டில் சொன்ன அளவுக்கு ஒரு மில்லிமீட்டர் கூடக் குறையவில்லை.

அவர் குனிந்தபோதெல்லாம் இடுப்பிலிருந்த வெற்று உறை சக்கரத்தில் இடித்தது. கழற்றி வைக்கச் சொன்னேன்.

"இருக்கட்டும்டா மஹ்ஃபூஸு. வியாழக்கிழமை முகல்லா போறோம்ல. இன்னும் ரெண்டு நாள்தானே காலியா தொங்கப் போவுது."

புதன்கிழமை மதியம் அவரை அடக்கம் செய்தோம்.

அந்த உறை காலியானது 1938இல். நான் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு. முகல்லா துறைமுகத்துக்கும் எங்கள் பள்ளத்தாக்குக்கும் நடுவே ஆறு நாள் நடையில் கடக்கும் மேட்டுநிலம் இருக்கிறது. வாப்பா, யஸ்லம் பின் கராமா, அந்த வழியில் அயலாருக்கு வழித்துணையாகப் போய்வந்தவர். வழித்துணை என்றால் பாதை காட்டுபவன் மட்டுமல்ல. "இவர் என் முகத்தில் வருகிறார்" என்று அவன் சொல்லிவிட்டால், வந்தவருடைய உயிருக்கும் உடைமைக்கும் அவன் பொறுப்பு. ஓர் ஊசி தொலைந்தாலும் அவன் முகம் கறுத்துவிடும். அதை மீட்டுக் கொடுக்கும்வரை இன்னொருவருக்கு அவன் துணை நிற்க முடியாது.

அந்த ஆண்டு வாப்பாவின் முகத்தில் வந்தவர் கெல்லர் என்ற சுவிஸ்காரர். கற்களைப் பார்க்க வந்தவர். அவருடைய பாஸ்போர்ட்டில் ஏடனிலிருந்த ஆங்கிலேய அலுவலகத்தின் ஊதா முத்திரை இருந்தது. இந்த வழியில் மட்டும் போகலாம், இத்தனை நாள் மட்டும் தங்கலாம், முகல்லாவுக்கு அப்பால் நடக்கும் எதற்கும் அரசு பொறுப்பல்ல. அரசு கைகழுவிய இடத்திலிருந்து வாப்பாவின் வேலை தொடங்கியது.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும் வழியில், மேட்டின் நடுவில் இருக்கும் பழைய கல்தொட்டி அருகே தங்கினார்கள். விடிந்து பார்த்தால் கெல்லரின் தோல்பையைக் காணோம். பாஸ்போர்ட் அதில்தான் இருந்தது. அன்று அதிகாலை அங்கே ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட வந்தவன் ஒருவன்தான். பக்கத்துக் குலத்துப் பக்கீத்.

கூட வந்திருந்த பெரியப்பா ஆஷூர் துப்பாக்கியை எடுத்துவிட்டார். பக்கீத் பெயரைச் சபையில் ஒரு முறை சொன்னால் போதும், அவன் குலம் பொருளைக் கொண்டுவர வேண்டும், அல்லது அவன் உயிரைப் பழிக்குக் கொடுக்க வேண்டும். வாப்பாவின் முகத்துக் கறுப்பும் நீங்கிவிடும். வாப்பா சொல்லவில்லை.

"அவன் எடுத்ததை நீ பாத்தியா?" என்று அண்ணனிடம் கேட்டாராம்.

"வேற யாருடா எடுத்திருப்பான்? ஜின்னா?"

"நானும் பாக்கல, நீயும் பாக்கல. பாக்காததுக்கு நான் வாய் தொறக்க மாட்டேன்."

அதன்பிறகு பெரியப்பா எட்டு ஆண்டுகள் அவரோடு பேசவில்லை.

முகல்லாவில் கெல்லரைத் தடுத்தார்கள். பாஸ்போர்ட் இல்லாதவர் கப்பலேறக் கூடாது. அனுமதி நாள் முடிந்தவர் கரையில் தங்கவும் கூடாது. அவர் நாட்டிலிருந்து வேறு தாள் வரும்வரை சுங்கக் கிடங்கின் அறையில் இருக்கட்டும் என்றார்கள். வர ஆறு மாதம் ஆகும். கெல்லருக்கு அப்போதே காய்ச்சல். வாப்பா நேராக அலுவலகத்துக்குப் போய்க் குமாஸ்தாவின் முன் நின்றார். இதை எனக்குச் சொன்னது கூடப்போன ஒட்டகக்காரர். வாப்பா தன் வாயால் சொன்னதில்லை.

"இவரு யாருன்னு நான் சொல்றேன். கப்பல் ஏத்துங்க."

"நீ சொன்னா ஆச்சா? உனக்கு இவரு மாமனா மச்சானா?"

"என் கூட நடந்து வந்தவரு."

"கையெழுத்துப் போடத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எதை வச்சு நான் நம்புறது?"

வாப்பா குத்துவாளை உருவினார். வாசலில் நின்ற காவலாளி துப்பாக்கியைத் தூக்கினான். வாப்பா வாளைத் திருப்பி, பிடியைக் குமாஸ்தா பக்கமாக மேசையில் வைத்தார்.

"இதை வச்சுக்கங்க. அவரோட புத்தகத்தைக் கொண்டாந்து குடுத்துட்டு வாங்கிக்கிறேன்."

எங்களில் ஒருவன் வாளை அடகாக வைத்தால் தன்னையே வைத்ததாகும். குமாஸ்தாவுக்கு அது தெரியும். உள் அறையிலிருந்த ஆங்கிலேய அதிகாரியிடம் எப்படி விளக்கினாரோ, அவர் வெளியே வந்து வாளையும் வாப்பாவையும் பார்த்துவிட்டு, உட்கார்ந்து ஒரு ரசீது எழுதினார். பாஸ்போர்ட்டுகள் இருந்த இரும்புப் பெட்டியிலேயே வாள் போனது. கெல்லர் கப்பலேறினார். அவரிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. வாப்பா எதிர்பார்க்கவும் இல்லை.

ஆங்கிலம் படித்த பிறகு அந்த ரசீதை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். 'பெற்றுக்கொண்டது: வெள்ளிப் பிடியுள்ள குத்துவாள் ஒன்று, பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக. பாஸ்போர்ட்டைக் கொண்டுவருபவரிடம் திருப்பித் தரப்படும்.' எண், தேதி, முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. பிறகு எத்தனையோ அரசுத் தாள்கள் என் கையில் வந்துபோயிருக்கின்றன. இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

வாப்பா பிறகு யாருக்கும் துணை போகவில்லை. பேரீச்சை பார்த்துக்கொண்டார். கல்யாணங்களில் ஆண்கள் வாளைத் தூக்கி ஆடும்போது ஓரமாக நிற்பார். உறையை மட்டும் எதுக்குக் கட்டிட்டு அலையறே, அதுக்கும் ஒரு கல்யாணம் பண்ணி வைக்கவா என்று கேலி செய்வார்கள். வாள் வேலைக்குப் போயிருக்கு, முடிஞ்சதும் வரும் என்பார். புது வாள் வாங்கித் தருகிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

1967இல் எங்களை ஆண்ட சுல்தானும் போனார், ஆங்கிலேயரும் போனார்கள். மறு ஆண்டு முகல்லா அலுவலகத்தில் விசாரித்தேன். பெட்டி இருக்கிறது, சாவி இல்லை என்றார்கள். உடைக்கச் சொல்லி மனு எழுதவா என்று வாப்பாவிடம் கேட்டேன்.

"சாவி தொலைஞ்சது அவங்க பாடு. கையில பொருள் இல்லாம நான் என்னன்னு போய்க் கேக்குறது?"

இந்த மாதம் அந்தக் கல்தொட்டியைப் பழுதுபார்க்கும் வேலை நீர்த்துறையில் எனக்கு வந்தது. வடக்குச் சுவரை ஒட்டிப் பாறையில் ஒரு பிளவு. சிமெண்ட் அடைக்கும் முன் சுத்தம் செய்தோம். இரண்டு மீட்டர் உள்ளே ஆட்டு எலும்புகள், ஒற்றைச் செருப்பு, ஒரு தோல்பையில் பாதி. வாரில் வரிசையாகப் பல் தடங்கள். உள்ளே மெழுகுத் துணியில் சுற்றிய பாஸ்போர்ட். படத்தில் ஒரு காதும் மூக்குக்கண்ணாடியும் மட்டும் மிஞ்சியிருந்தன. ஊதா முத்திரை அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை அதை வாப்பாவின் கையில் கொடுத்தேன். புத்தகத்தைப் பிறகுதான் பார்த்தார். முதலில் வாரின் பல் தடங்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நரிடா. முப்பத்தாறு வருசமா ஒரு நரிக்காகவா நான் காலி உறையோட நின்னேன்?"

பிறகு, "பக்கீத்துக்கு ஆள் அனுப்பு" என்றார்.

அனுப்பிய ஆள் போய்ச் சேர்வதற்குள் வாப்பாவின் சாவும் சேர்ந்து செய்தி இரண்டாகிவிட்டது. பக்கீத் அடக்கத்துக்குத்தான் வந்தார். கிழவர், இரு பேரன்மார் தாங்கிப் பிடித்திருந்தார்கள். மண் தள்ளி முடித்ததும் என் கையைப் பிடித்தார்.

"அன்னிக்கு உங்க வாப்பா என் பேரைச் சொல்லியிருந்தா, இதோ, இந்தப் பயலுங்க ரெண்டு பேரும் இல்ல."

இருவரையும் பார்த்தேன். மூத்தவனுக்குப் பதினைந்து வயதிருக்கும்.

பாஸ்போர்ட்டும் ரசீதும் என் கருவிப் பெட்டியில் இருக்கின்றன. உறையை மேலே வைத்திருக்கிறேன். முகல்லா லாரி வியாழக்கிழமைகளில் மட்டும் போகும். ஒரு வியாழன் போய்விட்டது. பாஸ்போர்ட்டை அந்த அலுவலகத்து மேசையில் வைத்துவிட்டு, வாளை வாங்கி வரவேண்டும்.