ஊர்க்கார ஆன்ட்டி

குஷாய்குடாவில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் அந்த ஆன்ட்டி இருந்தார். ஹைதராபாத்தில் பால் ஊற்றுபவரும் ஆன்ட்டி, பாடம் நடத்துபவரும் ஆன்ட்டி. அதனால் அவர் எங்களுக்கு என்ன உறவு என்று சொல்லவேண்டிய சிரமமே எங்கள் வீட்டாருக்கு வரவில்லை. யாராவது கேட்டால், "வேலூர்ப் பக்கம், எங்க ஊர்க்காரங்க" என்பார் அப்பா. வீட்டில் விசேஷம் என்றால் மட்டும் ஆள்விட்டு அழைப்பார்கள், கூடமாட வேலை செய்ய. அவருக்கு அச்சு அசலாக அப்பாவின் மூக்கு. வேலூர்க்காரர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நான் நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆன்ட்டிக்குக் கணவர் இல்லை, ஒரே பையன். எதிர்வீட்டு மார்வாடிப் பெண்கள் ராக்கி கட்டுவதைப் பார்த்து அம்மாவுக்கும் ஆசை வந்தது. நான் ஒற்றைப் பிள்ளை. ஆகவே வருஷா வருஷம் அந்தப் பையன் கையில் என்னைக் கட்டவைத்தார். சும்மா கிடைத்த அண்ணன்.

அந்த அண்ணன் கச்சிபௌலியில் ஐ.டி. வேலைக்குச் சேர்ந்து, கம்பெனி அவனை அமெரிக்காவுக்கு அனுப்பியதும் அம்மாவுக்கு எங்கள் வம்சாவளியில் திடீர் அக்கறை பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்க நமக்கு என்ன முறை ஆகணும்?"

"தூரத்துச் சொந்தம்."

"தூரம்னா? இவளுக்கு அத்தை முறையா, பெரியம்மா முறையா? அத்தைன்னா பையனைக் கட்டலாம். பெரியம்மான்னா அவன் அண்ணன் ஆயிடுவான்."

அப்பா பேப்பரை மடித்தார், பிரித்தார். கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்கப்பாவோட மூத்த பொண்ணு. அம்மா வேற."

ஒரே அப்பாவுக்குப் பிறந்த அக்காவை இத்தனை வருஷமாக ஊர்க்காரியாக்கி வைத்திருந்த மனிதரைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அம்மாவுக்கு அந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ சொந்த அத்தை! கட்டிக்கிற முறைதான்!"

"நான் கட்டின ராக்கி?" என்றேன்.

"அது வடக்கத்திக்காரங்க வழக்கம். நமக்குச் செல்லாது."

எனக்கு இஷ்டமில்லை என்று சொன்னேன். காதில் போட்டுக்கொள்ள அங்கே யாருக்கும் நேரமில்லை. அன்று மாலையே பழம், பூ, பட்டுப்புடவை எல்லாம் தட்டில் அடுக்கி, என்னையும் இழுத்துக்கொண்டு பின்தெருவுக்குப் போனார்கள். அவர்கள் இருவரும் சேர்ந்து அந்த வீட்டுப்படி ஏறியது அதுதான் முதல் தடவை.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா?" என்று அம்மா கூசாமல் ஆரம்பித்தார். அப்பாவும் தொண்டையைச் செருமி, "அக்கா" என்றார். விஷயத்தைச் சொல்லி அம்மா தட்டை நீட்டினார்.

அத்தை அதைத் தொடவில்லை. "நக்கோம்மா, வேணாம். தட்டை எடுத்துக்குங்க. பையன் இவளைத் தங்கச்சின்னு நெனச்சு வளந்துட்டான். நீங்க காட்டின முறைதானே?"

"ஏதோ தெரியாம நடந்துபோச்சு அண்ணி."

"உங்களுக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும்." முதல்முறையாக அப்பாவை அவர் 'இவன்' என்று சொல்லிக் கேட்டேன். "உங்க கல்யாணத்துல மூணாவது முடிச்சு நாத்தனார் நான் போடணும். என்னைச் சமையக்கட்டுல நிறுத்திட்டு, பக்கத்து வீட்டுப் பொண்ணை விட்டுப் போடவச்சாங்க. இவன் மணையில உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருந்தான்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை அவர் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் போய்விட்டிருந்தது. "தம்பி, கல்யாணப் பேச்சு முடிஞ்சுபோச்சு. என்கிட்டேருந்து உனக்கு இனிமே ஒண்ணும் ஆகவேண்டியதில்ல. இப்ப ஒரு தரம் அக்கான்னு கூப்பிடு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நேரமாச்சுங்க," என்றார் அப்பா, வெகு மரியாதையாக. "நாங்க கெளம்பறோம்."