புகைக்குள் நலம் விசாரித்தவன்

கணினிக்குள் இருக்கும் பெண்ணிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்டு, தன் வேலைக்குத் தானே உலை வைத்துக்கொண்ட ஷிப்ட் லீடர் பினாங்கிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பாயான் பாருவில் எங்கள் தொழிற்சாலையின் ஷிப்ட் லீடர்கள் தீ விபத்துப் பயிற்சியில் தேற வேண்டும். மூன்றே வாய்ப்பு. தவறினால் பதவி போய், பழையபடி உற்பத்தி லைனில் நிற்க வேண்டியதுதான். கண்ணை மூடும் ஹெட்செட்டை மாட்டினால் புகை மண்டிய கூடம். மெஷின் அருகே நிற்கும் கணினிப் பெண்ணைப் பேசியே வெளியே அனுப்ப வேண்டும். அவள் போகும்வரை எனக்கும் கதவு திறக்காது. நேரம் முடிந்ததும், ஏன் அப்படிச் செய்தாள் என்பதை அவளே விளக்குவாள்.

ஆளைப் பார்த்ததும் சாப்பாட்டை விசாரிக்காமல் பேச்செடுக்க எங்களுக்கு வருமா? விசாரித்துவிட்டுத்தான் தீ என்றேன். அவள் நகரவில்லை. புகை கழுத்துவரை ஏறியது. கதவைத் தள்ளினால் கைக்குக் காற்றுதான் அகப்பட்டது. நேரம் முடியாமல் ஹெட்செட்டைக் கழற்றவும் விடமாட்டார்கள்.

"சாப்பிட்டேனா என்று கேட்டார். அதனால் அவசரமில்லை என்று நினைத்தேன்" என்று மலாய் மொழியில் விளக்கினாள். குரலில் கோபம்கூட இல்லை.

இரண்டாம் முறை சாப்பாட்டைத் தொடவில்லை. ஓடாவிட்டால் இருவரும் நெருப்பில் வாட்டிய சாத்தே இறைச்சி ஆகிவிடுவோம் என்று சொல்லி, நானே முதலில் சிரித்தேன். சிரித்தவரை நம்பவில்லை என்றாள். மறுபடி புகை, மறுபடி அதே கதவு.

மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு, தீ, வெளியே போங்கள் என்று மட்டும் சொன்னேன். நடந்தாள். கதவுக்கு நாலடி இருக்கும்போது, அப்பாடா, இனிப் பயமில்லை என்று என் வாய் தானாகச் சொன்னது. அவள் திரும்பி மெஷினுக்கே போய்விட்டாள். ஆபத்து முடிந்ததாக நான்தான் அறிவித்தேனாம்.

வியர்வையோடு ஹெட்செட்டைக் கழற்றி, பயிற்சி தந்த அம்மையாரிடம் வாதாடினேன். அது வெறும் பொம்மை, என் லைன் ஆட்கள் நான் ஒரு சொல் சொன்னால் ஓடுவார்கள் என்றேன். கேட்டுப் பாருங்களேன் என்றார் அவர். எனக்கு அடுத்து ஹெட்செட் மாட்டக் காத்திருந்தவர், என் லைனில் ஒன்பது வருடமாக வேலை செய்யும், இப்போது லீடர் பதவிக்கு முயலும் ஓர் அக்கா.

"நெசமாவே தீ புடிச்சு, நான் ஓடுங்கன்னு சொன்னா ஓடுவீங்கதானேக்கா?"

அவர் ஹெட்செட்டைத் துடைத்தபடியே சொன்னார்.

"வேற யாராச்சும் சொன்னா ஓடுவேன்லா தம்பி."