ருத்தீனியம் பழுக்கவைத்த பட்டர் ஃப்ரூட்

ருத்தீனியம் கார்பீன் வினையூக்கி என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் பட்டர் ஃப்ரூட்தான் ஞாபகத்துக்கு வரும். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஏற்காட்டில் எங்கள் கம்பெனியின் சின்ன லேப் ஒரு பழைய காபி எஸ்டேட் கட்டடத்தில் இருக்கிறது. கஸ்தூரி வாசனை தரும் ஒரு பொருளைச் செய்து பார்ப்பதுதான் அப்போது எங்கள் வேலை. நீளமான மூலக்கூறின் இரண்டு நுனிகளையும் சேர்த்து வளையமாக்க வேண்டும். அதைச் செய்து கொடுப்பது ருத்தீனியம். அதோடு ஒட்டியிருக்கும் கார்பீன்கள், அதாவது கார்பன் துண்டுகள், இரண்டு. ஒன்று கடைசிவரை உலோகத்தை விடாமல் தாங்கும். இன்னொன்று ஆள் மாற்றி ஆள் கைகோத்து வேலையை முடிக்கும். வளையம் மூடும்போது எத்திலீன் வாயு கிளம்பும். அது வெளியே போனால்தான் வேலை மேற்கொண்டு நகரும்.

அதுவரை போட்ட பேட்ச் எல்லாம் பாழ். மிச்சமிருந்தது ஒரு சிட்டிகை வினையூக்கி. இதுவும் போனால் லேபை மூடிவிட்டு எல்லாரையும் சேலத்துக்கு இறக்கிவிடுவதாக அங்கிருக்கும் மேனேஜர் சொல்லிவிட்டார். எனக்குச் சேலத்து வெயில் புதிதல்ல. என் உதவியாளர் ஸ்டெல்லா மலைமேலேயே இருக்கும் வெள்ளக்கடையிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவள். தினமும் மலையிறங்கி ஏற அவளால் முடியாது, வேலையை விடவேண்டியதுதான்.

திங்கட்கிழமை ஆரம்பித்தோம். சொட்டுச் சொட்டாக விடவேண்டிய வேலை, வாரம் முழுக்க ஓடும். புதன்கிழமை கலவை கறுத்துவிட்டது. வினையூக்கி செத்தாலும் நிறம் மாறும், ஒழுங்காக வேலை செய்தாலும் மாறும். சோதித்துப் பார்க்கும் மெஷினோ சேலத்தில் ரிப்பேராகிக் கிடந்தது. கறுத்துவிட்டால் அவ்வளவுதான், நிறுத்திவிட்டுக் கிளம்பி வாருங்கள் என்றார் மேனேஜர் போனில். நாளை வரை பார்க்கிறேன் என்று தள்ளிவைத்தேன். ஸ்டெல்லா அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் அருள்சாமி வந்து நின்றார். இரண்டு கையிலும் பட்டர் ஃப்ரூட்.

“ஏனுங்க மேடம், எங்க குடோனுக்குள்ள கொழாய விட்டு என்னத்தப் பண்ணி வெச்சிருக்கீங்க? பெங்களூரு லோடுக்குன்னு கல்லாட்டம் பறிச்சு வெச்ச காயிங்க. நொம்பக் கொழைஞ்சு கெடக்குது பாருங்க.”

அமுக்கிக் காட்டினார். விரல் உள்ளேயே போய்விட்டது.

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். வாயுக் குழாயை ஜன்னல் வழியே வெளியில் விடுவதுதான் எங்கள் வழக்கம். அந்த வாரம் குரங்குகள் அதைப் பிடுங்கிப் பிடுங்கி விளையாடியிருக்கின்றன. பொறுத்துப் பார்த்த ஸ்டெல்லா, சுவரிலிருந்த ஓட்டை வழியாக அதை அந்தப் பக்கம் ஒட்டியிருக்கும் பக்கத்து எஸ்டேட் குடோனுக்குள் விட்டுவிட்டாள். குடோன் காலி என்று நினைத்திருக்கிறாள்.

காயைப் பழுக்கவைப்பதும் அதே எத்திலீன்தான். அருள்சாமியின் லோடு குழைந்துவிட்டது என்றால் எங்கள் வளையம் மூடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மனிதர் திட்டத் திட்ட எனக்குச் சந்தோஷம் தாங்காமல் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

அப்போதுதான் அவர் காதில் செருகியிருந்த பீடி கண்ணில் பட்டது. எத்திலீன் தீப்பிடிக்கும். சிரிப்பு நின்றுபோனது.

“பீடியக் குடுத்துட்டு இப்படி வாங்கண்ணா. ஸ்டெல்லா, குழாய வெளிய எடுத்துட்டு குடோன் கதவ நல்லாத் தொறந்து போடு கண்ணு. சுவிட்சுல கை வெக்காத.”

மேனேஜருக்குப் போன் போட்டு, வினை நடக்கிறது, நிறுத்தப்போவதில்லை என்றேன். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

“பட்டர் ஃப்ரூட்ட வெச்சுங்க.”

மெஷின் சரியாகும்வரைதான் பொறுப்பேன் என்று போனை வைத்துவிட்டார்.

குழாயைப் பழையபடி ஜன்னல் வழியே விட்டோம். பேட்ச் முடியும்வரை ஸ்டெல்லா ஜன்னலுக்கு வெளியே தடியோடு உட்கார்ந்து குரங்குகளை விரட்டினாள். மெஷின் சரியானதும் பார்த்தோம். வளையம் அழகாக மூடியிருந்தது. லேபை மூடவில்லை. அருள்சாமிக்குக் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தது. கரைப்பான் ஆவியும் பட்டிருக்கும் என்பதால் பழத்தையெல்லாம் குழிவெட்டிப் புதைத்தோம். கூரைமேல் உட்கார்ந்து குரங்குகள் வேடிக்கை பார்த்தன.

குடுவைக்குள் என்ன நடக்கிறது என்று எல்லாரும் பார்ப்பீர்கள். அதிலிருந்து கிளம்பும் குழாய் எங்கே போய் முடிகிறது என்று ஒரு தடவை நடந்துபோய்ப் பாருங்கள். எனக்குத் தெரிந்த பாடம் அதுதான்.

இப்போது குழாய் கூரைக்கு மேலே, கம்பிவலைக்குள் போகிறது. அருள்சாமிக்கு மட்டும் அதில் வருத்தம். போன வாரம் வந்தார்.

“ஏனுங்க மேடம், ஞாயித்துக்கெழம சர்ச்சுல விருந்துங்க. வாழத்தாரு இன்னும் பச்சையாவே இருக்குது. அந்தக் குழாய ஒரு நாளைக்கு மட்டும் இப்படித் திருப்பி வெக்கக் கூடாதுங்களா?”

முடியாது என்றேன். நேராக ஸ்டெல்லாவிடம் போய்க் கேட்டார். அவள் குரங்கு விரட்டிய தடியை எடுத்துக் காட்டினாள்.