மாமாவின் படகு தரைதட்டிய நாள்

மலாக்கா ஆற்று முகத்துவாரத்தில் எங்கே எவ்வளவு சேறு கிடக்கிறது என்பது மீன்களைவிட என் மாமாவுக்கு நன்றாகத் தெரியும். இதை யாரும் கேட்காவிட்டாலும் மாமாவே தினமும் சொல்லிவிடுவார். கடலில் நிற்கும் கப்பல்களிலிருந்து அரிசி மூட்டைகளைக் கரைக்குக் கொண்டுவரும் தொங்காங் படகை அவர் வருஷக்கணக்காக ஓட்டிவந்தார். அந்த மாமாதான், மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைப்பதற்கு முந்தின வருஷம், பளிச்சென்ற காலை வெயிலில் படகைக் கொண்டுபோய்ச் சேற்றில் ஏற்றினார்.

படகில் நானும் பெரியம்மாவும் இருந்தோம். சிங்கப்பூரில் வசதியாக வாழ்ந்த பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டிலோ ஐந்து பெண்கள். மூன்றாவதான என்னைத் தத்துக் கொடுப்பதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அம்மா மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தும் அந்த வாக்கு அசையவில்லை. எனக்கென்ன, சிங்கப்பூரில் தனிக் கட்டில், வாரம் ஒரு சினிமா. காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது, புதுக் கவுன் கசங்குகிறதே என்றுதான் கவலைப்பட்டேன்.

பெரியம்மா சகுனம் பார்ப்பவள். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம், அதற்குள் கப்பலேறிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஆனால், வாசலிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடும் மாமா, அன்று துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாரைச் சுற்றினார், சுற்றினார், ஆற்றில் நீர் வடியத் தொடங்கும்வரை சுற்றினார்.

முகத்துவாரம் தாண்டுவதற்குள் அடியில் சர்ரென்று ஒரு சத்தம். படகு நின்றுவிட்டது. கரையில் மீன் உலர்த்திக்கொண்டிருந்த மலாய்க்காரர், “பாகி பாகி சூடா மாபோக்கா?” என்று கத்தினார். காலையிலேயே குடித்துவிட்டாயா என்று கேலி. ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கும் மாமா வாயே திறக்கவில்லை. அன்றிலிருந்து படகுக்காரர்களுக்கு அவர் ‘கப்தான் லும்பூர்’, சேற்றுக் கேப்டன். கடைசிவரை அந்தப் பெயர் அவரை விடவில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. இவ்வளவு பீற்றிக்கொண்டாரே என்று ஆத்திரம் வந்தது. மாமா சேற்றில் இறங்கித் தள்ளிப் பார்த்தார். அவ்வளவு பெரிய உடம்பில் அன்றைக்கென்று பலமே இல்லை.

பன்னிரண்டு தாண்டிய பிறகு ஒரு சம்பான், சின்னத் துடுப்புப் படகு, வந்தது. நான்தான் முதலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிடித்த கையைக் கொஞ்ச நேரம் விடவே இல்லை.

“பொறப்பட்ட எடத்துலயே தடங்கல். சகுனம் சரியில்ல. நீ அம்மாகிட்டயே இரு. நான்தான் வேணாம்னேன்னு அப்பாகிட்ட சொல்லிரு” என்றாள்.

கட்டில் போயிற்றே என்று நான் ஓவென்று அழுதேன். சம்பானில் ஏறியவள் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். முழங்கால் சேற்றில் நின்ற மாமா தலை நிமிரவில்லை.

“கண்ணக் கட்டி வுட்டாக்கூட இந்த ஆத்துல நீ படகு ஓட்டுவியே, தம்பி” என்றாள் மெதுவாக.

பாவம், தம்பிக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் பெட்டிமேல் உட்கார்ந்து இன்னும் பலமாக அழுதேன்.